எம்மி இருக்கும்போது கறுப்பினச் சின்னப் பசங்களுக்குன்னு தனியா டிவி அவார்டு எதுக்குங்க?

கோவை_தினேஷ்

வணக்கம் மக்களே. அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா, அவளும் நானும் சேர்ந்துதான் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் பாக்கறதுங்க, அவளுக்கு லூக்கஸ்னா அவ்ளோ பிடிக்கும். லூக்கஸா நடிச்ச கேலப் மெக்லாஃப்லின் பத்தி தேடிப் படிச்சப்போ ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு, 2022ல பெல்ஜியத்துல ஒரு காமிக் கான் (காமிக்ஸ், சீரியல் ரசிகர்கள் கூடற விழா) மேடையில அவரே சொன்னது. ஆரம்பத்துல ரசிகர்களைப் பாக்கற நிகழ்ச்சிக்குப் போனப்போ சில பேர் இவர் வரிசையில மட்டும் வந்து நிக்கலையாம், கேட்டா நீ லெவன் (அந்த சீரியல்ல வர்ற பொண்ணு) கிட்ட கடுகடுன்னு நடந்துக்கிட்டே அதான்னாங்களாம், கூட நடிச்ச பசங்களை விட நமக்கு மட்டும் ஏன் ஃபாலோயர்ஸ் கம்மின்னு அந்தச் சின்ன வயசுலயே யோசிச்சு யோசிச்சு கஷ்டப்பட்டிருக்காரு, கடைசில அப்பா அம்மாதான் நீ கறுப்பினப் பையன்கறதாலதான்டான்னு உக்கார வச்சு சொல்லிருக்காங்க. படிச்சிட்டு மனசே சரியில்லைங்க.

இன்னொண்ணு, 2018ல இதே சீரியலுக்காக அவருக்கு என்ஏஏசிபி இமேஜ் அவார்டு குடுத்திருக்காங்க, அதுல இளம் நடிகர்களுக்குன்னே ஒரு பிரிவு இருக்காம். நான் இதுக்கு முன்னாடி அந்த அவார்டு பேரையே கேள்விப்பட்டதில்ல.

என் கேள்வி இதுதாங்க. எம்மி இருக்கு, கோல்டன் குளோப் இருக்கு, அப்புறம் எதுக்கு கறுப்பினத்தவங்களுக்குன்னு தனியா ஒண்ணு, அதுலயும் சின்னப் பசங்களுக்குன்னு தனியா? ஒதுக்கி வச்சு குடுக்கற மாதிரி ஆயிடாதா? இல்ல அதுக்கு வேற காரணம் இருக்கா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, அக்கா பொண்ணுக்கும் சொல்லணும்.

---

லட்சுமி_நியூஜெர்சி

தினேஷ் தம்பி, நல்ல கேள்வி. நான் இங்க வந்து ரொம்ப வருஷமாச்சு, இந்த ஊர் டிவி நிறைய பாப்பேன், தெரிஞ்சதை சொல்றேன்.

என்ஏஏசிபிங்கறது கறுப்பின மக்களோட உரிமைக்காக 1909ல ஆரம்பிச்ச சங்கம். இமேஜ் அவார்டு அவங்க 1967ல தொடங்கினது. அந்தக் காலத்து டிவியை நினைச்சுப் பாருங்க, கறுப்பின ஆளுங்க வந்தாலே பெரும்பாலும் வேலைக்காரங்களாதான் வருவாங்க, டயஹான் கரோல் நர்ஸா நடிச்ச ஜூலியா தொடரே 1968லதான் வருது, அதுல அவங்க பையன் கோரியா மார்க் கோபேஜ்னு ஒரு குட்டிப் பையன் நடிச்சான், ஒரு கறுப்பினக் குழந்தை டிவியில சாதாரணமா ஸ்கூலுக்குப் போய்ட்டு வர்றதைப் பாக்கறதே அப்போ புதுசு. நம்ம ஆளுங்களை நல்ல விதமா காட்டுறவங்களை நாமளே கூப்ட்டு கௌரவிப்போம்னுதான் அவார்டுக்குப் பேரே இமேஜ் அவார்டுன்னு வச்சாங்க.

இப்போ சின்னப் பசங்க பிரிவு எதுக்குன்னு கேட்டீங்கல்ல, இதுதான் நிறைய பேருக்குத் தெரியாது. பிரைம்டைம் எம்மில குழந்தை நடிகர்களுக்குன்னு பிரிவே கிடையாது. பத்து வயசுப் பிள்ளையா இருந்தாலும் பெரியவங்க கூடதான் மோதணும். 1986ல காஸ்பி ஷோல ரூடியா நடிச்ச கெஷியா நைட் புல்லியம் பத்து வயசு கூட ஆகாம நாமினேட் ஆனா, யாரோட போட்டின்னு நினைக்கிறீங்க, சியர்ஸ்ங்கற காமெடி சீரியல்ல பல வருஷமா கலக்கிட்டிருந்த ரீ பெர்ல்மன் கூட. அவங்கதான் ஜெயிச்சாங்க, அதுல தப்பும் இல்ல, ஆனா பால் பல் விழுற வயசுப் பொண்ணையும் அவங்களையும் ஒரே தராசுல வச்சா எப்படி?

சமீபத்துல கீவான் வுட்வர்டு. தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் சீசன்ல சாம்னு வருவானே, காது கேக்காத பையன். நிஜத்துலயும் அவனுக்குக் காது கேக்காது. மூல வீடியோ கேம்ல சாமுக்குக் காது கேக்கும், சீரியலுக்காக மாத்தினாங்க. அந்தப் பையனும் கதாநாயகிப் பொண்ணு எல்லியும் ஒரு அழிச்சு எழுதற சிலேட்டுலதான் பேசிப்பாங்க, பயப்படாத மாதிரி முகத்தை வச்சிருப்பான், ஆனா சிலேட்டுல எழுதிக் காட்டறப்போ அந்தக் கண்ணுல தெரியும் பாருங்க பயம், ஒரு வசனம் கிடையாது, எல்லாம் விரலும் முகமும்தான். 2023ல எம்மி நாமினேஷன் வந்தப்போ அவனுக்குப் பத்து வயசு. கெஸ்ட் ஆக்டர் பிரிவு. அதே சீரியல்ல அவனுக்கு அண்ணனா நடிச்ச லமார் ஜான்சனும் அதே பிரிவுல, நிக் ஆஃபர்மனும் அதே பிரிவுல. ஜெயிச்சது ஆஃபர்மன். கீவான் பேர் பட்டியல்ல வந்ததே பெரிய விஷயம்னு எல்லாரும் கொண்டாடினாங்க, நானும்தான். ஆனா அவன் வயசுப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு மேடை அங்க இல்லங்கறது உண்மை.

ஆக ஒரு பக்கம் குழந்தைன்னு பாத்தாலும் இடமில்ல, இன்னொரு பக்கம் கறுப்பினம்னு பாத்தாலும் வாய்ப்பே கம்மி. 1999ல என்ஏஏசிபி தலைவரா இருந்த க்வேசி எம்ஃபூமே பெரிய நெட்வொர்க்குகளை வெளிப்படையாவே கேட்டாரு, அந்த வருஷம் வரப்போற 26 புது சீரியல்ல ஒண்ணுல கூட வெள்ளையர் அல்லாத ஒருத்தர் முக்கிய ரோல்ல இல்லையே ஏன்னு. அதுக்கப்புறம்தான் நெட்வொர்க்குகள் உக்காந்து பேசி ஒப்பந்தம் போட்டாங்க. ரோலே இல்லாதப்போ எம்மி எங்கேர்ந்து வரும்? அதனால இதை ஒதுக்கி வைக்கறதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஏற்கனவே ஒதுக்கி வச்சிருந்தாங்க, அந்த இடத்துல இவங்களா ஒரு வீடு கட்டிக்கிட்டாங்க.

---

சேலம்_பிரபு

லட்சுமி அக்கா சொன்னது சரிதான், மறுக்கல. ஆனா அவார்டு குடுத்துட்டா அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுதுங்கறதையும் பாக்கணும்ல. எனக்கு கேரி கோல்மன் ஞாபகம்தான் வருது. டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்னு 1978லேர்ந்து 86 வரைக்கும் ஓடின சீரியல், அமெரிக்காவுல அந்தப் பையனைத் தெரியாத வீடே இல்ல, சிறுநீரக நோயால உடம்பு வளரவே இல்ல, அதையே காமெடியா வச்சு வருஷக்கணக்கா ஓட்டினாங்க, ஒரு பக்கம் ஆபரேஷன் இன்னொரு பக்கம் ஷூட்டிங். கைதட்டலுக்கு எந்தக் குறையும் இல்ல. கடைசில 1989ல சொந்த அப்பா அம்மா மேலயும் பணத்தைப் பாத்துக்கிட்ட ஆலோசகர் மேலயும் கேஸ் போட்டாரு, 1993ல கோர்ட் அவருக்கு கிட்டத்தட்ட 12 லட்சத்து 80 ஆயிரம் டாலர் குடுக்கச் சொல்லிச்சு. 2010ல 42 வயசுல செத்துட்டாரு. அவ்வளவு புகழ்ல யாராவது ஒருத்தர் அந்தப் பையன் பக்கம் நின்னிருந்தா?

இன்னொரு விஷயம், ஒரே ஆளுக்கே திரும்பத் திரும்ப குடுக்கறாங்க. பிளாக்-இஷ்ங்கற கறுப்பினக் குடும்ப காமெடி சீரியல்ல டயான்கற பொண்ணா நடிச்ச மார்சே மார்ட்டின் எத்தனை வருஷம் வாங்குச்சு பாருங்க. நல்ல நடிகைதான், ஆனா மத்த பிள்ளைங்க? இளம் பிரிவுன்னு வச்சா வருஷத்துக்கு ஒரு புது முகத்தையாவது தூக்கி விடணும்ங்கறது என் எண்ணம். இதுல பொதுமக்கள் ஓட்டும் இருக்கு, ஏற்கனவே பிரபலமான பிள்ளைக்குத்தானே ஓட்டு விழும்.

---

அடையாறு_ஷோபனா

பிரபு, கேரி கோல்மன் கதை ரொம்ப வேதனையானது, அதுல உங்க கூட முழுசா ஒத்துப்போறேன். ஆனா அது அவார்டோட குறை இல்லையே, வீடும் சட்டமும் ஸ்டுடியோவும் கைவிட்டது. அவார்டு வாங்கி மேல வந்தவங்களையும் சொல்லணும்ல.

கீக்கி பால்மர் எடுத்துக்கோங்க. தி வூல் கேப்னு ஒரு டிவி படத்துக்காக பத்து பதினோரு வயசுலயே நடிகர் சங்க விருதான சாக் அவார்டுக்கு நாமினேட் ஆன பொண்ணு. அப்புறம் நிக்கலோடியன்ல ட்ரூ ஜாக்சன் விபி, 15 வயசுப் பொண்ணு ஃபேஷன் கம்பெனில வைஸ் பிரசிடெண்ட் ஆகற கதை, அந்தப் பாட்டு இன்னும் வாயில வரும் எனக்கு. அதுக்கு இமேஜ் அவார்டு வாங்கினா, பிஇடி சேனல் குடுக்கற யங்ஸ்டார்ஸ் அவார்டும் வாங்கினா. எம்மி எப்போ வந்துச்சு தெரியுமா, 2021ல, வளர்ந்து பெரியவளானதுக்கப்புறம், கொஞ்ச காலம் கழிச்சு பாஸ்வேர்டு கேம் ஷோ நடத்தினதுக்கு இன்னொண்ணு, அந்தப் பிரிவுல ஜெயிச்ச முதல் கறுப்பினப் பெண். நடுவுல அத்தனை வருஷம் அவளை யார் ஞாபகம் வச்சிருந்தா? அவங்க ஆளுங்கதான்.

டைலர் ஜேம்ஸ் வில்லியம்ஸும் அப்படித்தான், எவ்ரிபடி ஹேட்ஸ் கிறிஸ்ல 2005லேர்ந்து 2009 வரைக்கும் அந்தக் குட்டி கிறிஸ், இப்போ அபாட் எலிமென்டரில வாத்தியார் கிரிகரி. 2023ல கோல்டன் குளோப் வாங்கினாரு. சின்னப் பையனா நடிச்சதுக்கும் அதுக்கும் நடுவுல எவ்ளோ காலம்! ஃபேமிலி மேட்டர்ஸ்ல அர்க்கலா வந்த ஜலீல் வைட் இன்னும் மோசம், ஒரே ஒரு எபிசோடுக்கு கெஸ்ட்டா வந்த பையன், கடைசில ஒன்பது சீசனையும் தோள்ல தூக்கிட்டுப் போனான், எம்மி நாமினேஷன் ஒண்ணு கூட வரல. இமேஜ் அவார்டுதான் கூப்ட்டு குடுத்துச்சு.

மார்சே பத்தி நீங்க சொன்னதுக்கு மட்டும் நான் சண்டைக்கு வருவேன். அந்தப் பொண்ணு பத்து வயசுல தனக்குத் தோணின ஐடியாவை எடுத்துட்டுப் போய் சொல்லி, லிட்டில்னு படமே ஆச்சு, 2019ல ரிலீஸ் ஆனப்போ 14 வயசு, ஹாலிவுட்லயே மிக இளைய எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர்னு கின்னஸ்ல பேர் வந்துச்சு. 2020 இமேஜ் அவார்டு விழாவுல ஒரே வருஷத்துல நாலு வாங்கினா. நாலும் குழந்தைங்கறதுக்காக குடுத்தது இல்ல, பெரியவங்க பிரிவுலயும் சேர்த்துதான் நாலு. அந்த வயசுல ப்ரொட்யூசர் மேசைல உக்கார்ற பொண்ணுக்கு திரும்பத் திரும்ப குடுத்தா நான் குறையே சொல்ல மாட்டேன்.

பிளாக்-இஷ்ல ஒரு எபிசோட் இருக்கு, டயானோட ஸ்கூல் க்ரூப் ஃபோட்டோ வரும். லைட்டிங் சரியா வைக்காததால அவ முகமே இருட்டா விழுந்திருக்கும், மத்த பிள்ளைங்க எல்லாம் பளிச்னு தெரிவாங்க. அப்பா அம்மா கொதிச்சுப் போய் ஸ்கூலுக்கு கிளம்புவாங்க. ஆனா அதுக்கப்புறம் பேச்சு வீட்டுக்குள்ள திரும்பும், ஒரே குடும்பத்துல யார் கொஞ்சம் வெளுப்பு, யார் கறுப்பு, யாரை யார் எப்படி நடத்தினாங்கன்னு. டயான் தன்னைப் பத்தி பேசற இடத்துல மார்சே குரலை உயர்த்தவே மாட்டா. கல்யாணத்துக்கு வரன் பாக்கறப்போ பொண்ணு என்ன நிறம்னு முதல் கேள்வி கேக்கற வீட்டுல வளர்ந்த என்னை அந்த சீன் என்ன பண்ணிச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

---

ரொறன்ரோ_சுதன்

வணக்கம். ஷோபனா அக்கா எழுதினதை வாசிக்க மனசு நிறைஞ்சு போச்சு. லியா ஜெஃப்ரிஸைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை எண்டதால நான் சொல்லுறன். பெர்சி ஜாக்சன் தொடரில அனபெத்தா நடிக்கிற பிள்ளை. 2022 மே மாசம் அவவின்ர பேரை அறிவிச்ச உடன என்ன கூத்து நடந்தது தெரியுமோ, புத்தகத்தில அனபெத் பொன்நிற முடி வெள்ளைப் பிள்ளை, இவ எப்பிடி நடிக்கலாம் எண்டு பெரிய ஆக்களே ஒரு சின்னப் பிள்ளையைப் போட்டுத் தாக்கினவை. எல்லாரும் சேர்ந்து முறைப்பாடு குடுத்து அவவின்ர டிக்டொக் கணக்கே போச்சு. கடைசியில புத்தகம் எழுதின ரிக் ரயர்டனே தன்ர இணையத்தளத்தில நீளமா எழுதினவர், இந்தப் பாத்திரத்துக்கு நான் தேடினது குணத்தை, தோலைப் பாத்து மட்டும் இவ சரிவரமாட்டா எண்டு சொன்னா அதுக்குப் பேர் இனவாதம் எண்டு நேராச் சொல்லிப் போட்டார். எனக்கு அந்த மனுசனில மரியாதை கூடினது அண்டைக்குத்தான்.

தொடர் 2023 டிசம்பரில வந்தது, பிறகு இமேஜ் அவார்டு இளையோர் பிரிவில அவவின்ர பேர் வந்துது. தினேஷ் தம்பி கேட்ட கேள்விக்கு என்ர பதில் இதுதான்: நீ இந்தப் பாத்திரத்துக்குத் தகுதி இல்லை எண்டு ஒரு கூட்டமே கத்தேக்க, இல்லை பிள்ளை நீ நல்லாச் செய்தனி எண்டு சொல்ல ஒரு இடம் வேணும். பெரிய ஆக்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். 12, 13 வயசில கட்டாயம் தேவை.

---

சேலம்_பிரபு

ஷோபனா, மார்சே விஷயத்துல நீங்க சொன்னது நியாயம், ப்ரொட்யூசர் விவரம் நான் இவ்ளோ யோசிக்கல. ஆனா புது முகங்களுக்கு இடம் வேணும்ங்கறதுல நான் மாறல. ஒரு பிரிவுல ஒரு பரிசுன்னு இல்லாம ரெண்டா பிரிக்கலாமே, சின்ன ரோல்ல கலக்கின பிள்ளைங்களுக்கு தனியா. லட்சுமி அக்கா சொன்ன கீவான் வந்ததே ரெண்டு எபிசோட்தான், அந்த மாதிரி பசங்களுக்கு.

இன்னொண்ணும் சேர்த்துக்கறேன், யங்ஸ்டார்ஸ் நடிப்புக்கு மட்டும் கிடையாது. 2013ல ஜிம்னாஸ்ட் கேபி டக்ளஸ், 2015ல பேஸ்பால் போடற மோனே டேவிஸ், 2016ல அமாண்ட்லா ஸ்டென்பர்க், 2024ல 12 வயசு ப்ளூ ஐவி கார்ட்டர், இப்படி விளையாட்டு பாட்டு நடிப்பு எல்லாம் கலந்து வரும். ஒரு நடிகப் பிள்ளைக்கு இவங்க கூட போட்டி போடறது கஷ்டம்தான், ஆனா பாக்கற குழந்தைங்களுக்கு அது நல்லது, நடிச்சாதான் மேடைன்னு இல்ல பாருங்க.

---

கோவை_தினேஷ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ விவரம் வரும்னு எதிர்பாக்கல. பிரைம்டைம் எம்மில குழந்தைங்களுக்குப் பிரிவே இல்லைங்கறது எனக்கு சுத்தமா தெரியாது, அது தெரிஞ்சதும் பாதி கேள்வி அடங்கிடுச்சுங்க. இன்னும் ரெண்டு கேக்கணும். ஒண்ணு, இப்படி சின்ன வயசுல பேர் வாங்கினவங்க எம்மி வரைக்கும் சீக்கிரமா போனதே இல்லையா, எல்லாரும் வருஷக்கணக்கா காத்திருக்கணுமா? ரெண்டு, பிரபு அண்ணா சொன்ன பண விஷயம், இப்பவாவது பிள்ளைங்க சம்பாதிச்சது பிள்ளைங்களுக்கே கிடைக்குதா? அப்புறம் அக்கா பொண்ணு கூட பாக்கற மாதிரி எது நல்லாருக்கும்னும் சொல்லுங்க.

---

லட்சுமி_நியூஜெர்சி

போயிருக்காங்க தம்பி. ஜென்டேயா டிஸ்னில ஷேக் இட் அப், கே.சி. அண்டர்கவர்னு பிள்ளைங்க சீரியல்ல இருந்த பொண்ணு, 2020ல யூஃபோரியாவுக்கு டிராமா நாயகி எம்மி, வயசு 24, அந்தப் பிரிவுல அதுவரைக்கும் அவ்ளோ சின்ன வயசுல யாரும் ஜெயிச்சதில்ல. அதே பிரிவுல ஒரு கறுப்பினப் பெண் முதல்ல ஜெயிச்சதே 2015லதான், வயோலா டேவிஸ். ஜென்டேயா 2022ல மறுபடி வாங்கினா.

2019ல ஜாரெல் ஜெரோம். வென் தே சீ அஸ், நியூயார்க்குல பண்ணாத குத்தத்துக்கு ஜெயிலுக்குப் போன அஞ்சு பசங்களோட உண்மைக் கதை. அதுல கோரி வைஸா நடிச்சாரு, பையனா இருக்கறப்போவும் ஜெயில்ல வளர்ந்ததுக்கப்புறமும் அதே ஆள்தான், மத்த நாலு பேருக்கும் ரெண்டு ரெண்டு நடிகர்கள். 21 வயசு. மேடையில நின்னு அந்த அஞ்சு பேர் பேரையும் ஒண்ணொண்ணா சொன்னாரு, அவங்க அஞ்சு பேரும் அரங்கத்துலயே உக்காந்திருந்தாங்க, எழுந்து நின்னாங்க, கையைத் தூக்கினாங்க, நான் சோஃபால உக்காந்து அழுதேன். அதே சீரியலுக்கு அசாண்டே பிளாக்னு 17 வயசுப் பையனும் நாமினேட் ஆனான். ஆக கதவு திறக்குது, ஆனா கனமான ரோல் கிடைச்சாதான். ஸ்கூல் காமெடில சிரிக்க வைக்கிற பிள்ளைக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கல.

அக்கா பொண்ணு கூட பாக்கறதுக்கு வென் தே சீ அஸ் வேண்டாம், யூஃபோரியா வேண்டவே வேண்டாம். லாஸ்ட் ஆஃப் அஸ்ஸும் கொஞ்சம் வளரட்டும். பிளாக்-இஷ் தாராளமா பாக்கலாம், 2014லேர்ந்து 2022 வரைக்கும் எட்டு சீசன் இருக்கு, சில எபிசோட் பெரியவங்க பேச்சா இருக்கும், நீங்க பக்கத்துல இருந்தா போதும். ஷோபனா சொன்ன ஃபோட்டோ எபிசோட் அஞ்சாவது சீசன்ல, பேரு பிளாக் லைக் அஸ். அபாட் எலிமென்டரியும் சேர்த்துப் பாருங்க, அந்த ஸ்கூல் பிள்ளைங்க அவ்ளோ அழகு.

---

சேலம்_பிரபு

பண விஷயம் நான் சொல்றேன் தினேஷ். கலிஃபோர்னியாவுல கூகன் சட்டம்னு 1939லயே வந்துச்சு, ஜாக்கி கூகன்கிற குழந்தை நடிகர் சம்பாதிச்சதை வீட்டுலயே செலவழிச்சதுக்கு அப்புறம். ஆனா அதுல ஓட்டை நிறைய. 2000 ஜனவரிலேர்ந்துதான் ஒழுங்கா திருத்தினாங்க, இப்போ பிள்ளை சம்பாதிக்கிறது பிள்ளையோட சொத்து, அப்பா அம்மாவோடது இல்ல, மொத்த சம்பளத்துல 15 சதவீதத்தை நேரா தனி டிரஸ்ட் கணக்குல போட்டுடணும், 18 வயசு ஆகற வரைக்கும் யாரும் தொட முடியாது. மீதி 85 சதவீதத்துல வரி, ஏஜெண்ட், மேனேஜர், வக்கீல்னு எல்லாம் போகும், அதை யார் கண்காணிக்கறாங்கங்கறதுதான் என் கவலை. 15ங்கறது ரொம்ப கம்மி, குறைஞ்சது பாதியாவது பூட்டி வைக்கணும்.